தங்கும் இடம்

வெளியூர் செல்வோர் எந்த ஊர்தியில் ஏறுவது, எவற்றைக் காண்பது, எவற்றை வாங்குவது என்பவற்றைப் பல நாள் முன்னரே பேசி முடிவு செய்வர். இரவில் எங்கே தங்குவது என்னும் வினா மட்டும் பெரும்பாலும் இறுதியில் வந்து நிற்கும். அதனையும் வாடகை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு விரைந்து தீர்த்துவிடுவர். கையிற் பணம் மிக்கிருப்பின் பெரிய விடுதி. குறைந்திருப்பின் சிறிய விடுதி. இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று வினவுவாரும் உளர். ஆராய்வதற்கு உண்டு என்பதே என் கருத்து. நேற்றுத் தோன்றிய நகரில் எங்குத் தங்கினாலும் வேறுபாடு மிகுதியாக இராது. மதுரை போன்ற பழம்பதியிலோ, நாம் தங்கும் இடத்தைப் பொறுத்தே நாம் காணும் மதுரையும் அமைகின்றது.

இவ்வினா மதுரைக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்துக் கோவலனுக்கும் இது எழுந்தது. புகாரிலிருந்து காடும் நாடும் கடந்து, கவுந்தியடிகளின் துணையோடு அவனும் கண்ணகியும் வையைக் கரையை அடைந்தனர். மரப்புணையில் ஆற்றைக் கடந்து, மதிலுக்கு வெளியே அறவோர் வாழும் புறஞ்சேரியில் இறங்கினர். கண்ணகியை அடிகளிடம் இருத்திவிட்டுக் கோவலன் நகருட் சென்றான், கடைத்தெருக்களைக் கண்டான், மீண்டு வந்தான். அப்பொழுது மாடலன் என்னும் மறையவனும் கவுந்தியடிகளும் அவனுக்கு ஓர் அறிவுரை கூறினர். இது துறவோர்க்குரிய இடம். இல்லறத்தார் இங்கே தங்குதல் பொருந்தாது. கதிரவன் மறையுமுன் நகருக்குட் செல்க. மாசாத்துவானின் மகன் என்று அறிந்தால் மதுரை வணிகர் உன்னை எதிர்கொண்டு ஏற்பர் என்பது அவ்வறிவுரையின் கருத்து.

மாணவர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கோவலன் செல்வத்தை இழந்தவன்; ஆனால் தந்தையின் பெயரை இழந்தவன் அல்லன். அப்பெயரைச் சொன்னால் மாடமாளிகை ஒன்றின் கதவு அவனுக்குத் திறந்திருக்கும். ஆயினும் நிகழ்ந்தது வேறு. புறஞ்சேரியில் உள்ள இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பிய மாதரி என்னும் ஆயர் முதுமகள் அடிகளைக் கண்டு வணங்கினாள். ஆக்களைக் காத்து அவற்றின் பயனைப் பிறர்க்கு அளிக்கும் ஆயர் வாழ்க்கையில் கொடுமை இல்லை என்றும், மாதரி முதியவள், நேர்மையும் இரக்கமும் உடையவள் என்றும் அடிகள் எண்ணினார். கண்ணகியை அவளிடமே அடைக்கலமாக அளித்தார். வாடகையும் வசதியும் அவர் எண்ணத்தில் இல்லை. வீட்டுக்குரியவள் எத்தகையவள் என்பது ஒன்றையே அவர் எண்ணினார்.

மாதரி தந்த இடம் எத்தகையது? செம்மண் பூசிய பந்தரை உடைய ஒரு சிறு மனை. புதிய கலங்களும், பலாக்காயும், வெள்ளரிக்காயும், மாதுளங்காயும், மாங்கனியும், வாழைப்பழமும், நல்லரிசியும், தம் ஆக்களின் பாற்பயனும் அவள் கொண்டுவந்து கொடுத்தாள். வந்தவர்கள் சமண நோன்பினர். ஆதலின் பகற்பொழுதிலேயே உண்ண வேண்டும் என்பதையும் அவள் அறிந்திருந்தாள். உதவிக்குத் தன் மகள் ஐயையையும் உடன் வைத்தாள். விருந்தினரின் வழக்கத்தைக் கேளாமலே உணர்ந்து, அதற்கேற்ப அடுப்பையும் பொழுதையும் அமைத்துக் கொடுப்பது எவ்வளவு நுட்பமான செயல்!

கோவலன் கொலையுண்டான், மதுரை எரிந்தது. அடைக்கலமாகப் பெற்றவர்களைக் காக்க இயலாமற் போயிற்றே என்று மாதரியும் தீயிற் புகுந்து உயிர் துறந்தாள் என்று வஞ்சிக் காண்டத்தில் மாடலன் கூறுகின்றான். கோவலன் இறந்ததில் அவளுக்கு யாதொரு பங்கும் இல்லை. எனினும் அவள் அதனைத் தன் பொறுப்பாகவே கொண்டாள். இக்காலத்தில் விடுதிகள் தரும் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எப்பொருள் காணாமற் போனாலும் நிருவாகம் பொறுப்பன்று என்று அச்சிட்டிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மாதரியின் நினைவு வரும்.

காப்பிய காலத்திற்குப் பின் மதுரையில் எத்தனையோ அரசுகள் தோன்றி மறைந்தன. நாயக்கர் மரபில் 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாள் வழிச்செல்வோர்க்காகக் கட்டிய சத்திரம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது 1875-ஆம் ஆண்டில்தான். புகைவண்டி என்பதையே அறியாத காலத்தில் அரசியார் அமைத்த சத்திரத்துக்கு நேர் எதிரே பிற்காலத்துப் புகைவண்டி நிலையம் அமைந்தது. அரசியாரின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கின்றது. அக்காந்தியடிகளே மதுரையில் ஒரு விருந்தினராகத் தங்கியவர். 1921-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் அவர் நீண்ட உடையைக் களைந்து அரையாடை உடுத்தது மேலமாசி வீதியில் ஓர் அன்பரின் வீட்டு மாடியிலே தங்கியிருந்தபோதுதான்.

சத்திரங்களைப் புகழும்போது மற்றொன்றையும் மறைத்தல் கூடாது. எங்கள் நாஞ்சில் நாடு 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை தமிழ்நாட்டோடு இணையாதிருந்தது. பழைய திருவிதாங்கூர் அரசு அங்கெல்லாம் ஊட்டுப்புரைகளை நடத்திற்று. அவற்றில் இலவசமாக உணவு பெற்றவர் அந்தணரே. வரி கொடுத்தவர் பலர். இலையிட்டு உண்டவர் சிலர். வழியோரத்தில் சுமைதாங்கிக் கல்லை நட்டவனும், மண்டபத்துத் தூணைச் செதுக்கியவனும் தன் கையால் அமைத்த நிழலில் உரிமையோடு படுக்க முடியாத காலம் அது. கடைகளிலும், உணவகங்களிலும், விடுதிகளிலும் சாதி, சமயம் முதலியவற்றைக் காரணமாகக் காட்டி எவரையும் தடுத்தல் ஆகாது என்று நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு விதித்துள்ளது. 1950-ஆம் ஆண்டு சனவரி 26 முதல் அஃது நடைமுறையில் உள்ளது. இன்று விடுதி எழுத்தர் ஆதார் அட்டையைக் கேட்கின்றார், முன்பணத்தைக் கேட்கின்றார், குலத்தைக் கேட்பதில்லை. சட்டம் இவ்வாறு கூறினும் வழக்கம் முற்றும் மாறுவதற்குக் காலம் பிடித்தது.

இனி என் குடும்பத்துச் செய்தி ஒன்றைக் கூறுகின்றேன்.

எங்கள் ஊராகிய மயிலாடி கற்சிற்பத்துக்குப் பெயர் பெற்றது. விடியற்காலையில் அங்கே கேட்கும் முதல் ஓசை உளியின் ஓசையே. என் தமக்கையாருக்கு அகவை 74. பிறந்தது முதல் அவ்வோசையின் நடுவிலேயே வாழ்ந்தவர். சுசீந்திரமும் குமரிமுனையும் அவருக்கு அடுத்த வீடு போன்றவை. ஆனால் மதுரையில் ஓர் இரவு தங்கி மீனாட்சியம்மையை வணங்க வேண்டும் என்னும் விருப்பம் மட்டும் நெடுங்காலம் நிறைவேறாதிருந்தது. வளைகுடா நாட்டில் பொறியாளராகப் பணியாற்றும் அவர் மகன் சென்ற ஆண்டு ஒரு மாத விடுப்பில் வந்தபோது, "மாமா, இம்முறை அம்மாவை அழைத்துச் சென்றே தீர வேண்டும், நீங்களும் வாருங்கள்" என்றான். ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் தன் மகளையும் உடன் அழைத்துக்கொண்டான். நால்வருமாக மகிழுந்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, திருநெல்வேலி வழியாக மதுரையை நோக்கிச் சென்றோம்.

மருமகன் தங்குவதற்குத் தேர்ந்தது பசுமலையின்மேல் உள்ள நட்சத்திர விடுதி. ஆங்கிலேயர் காலத்து மாளிகையைத் தன்னகத்தே கொண்டது அவ்விடம். நகரத்தின் தென்மேற்கில், கோயிலிலிருந்து சில கல் தொலைவில் மரங்கள் அடர்ந்த குன்றின்மேல் இருக்கிறது. அறையின் நாள் வாடகை 7500 ரூபாயைத் தாண்டினால் அதற்கு 18 விழுக்காடு வரியும் உண்டு. இதுவும் அத்தகைய அறையே. இரண்டு அறைகளுக்கு ஏற்பாடு செய்ய எண்ணியிருந்தான். "அம்மா பார்த்துச் சரி என்று சொல்லட்டும், பிறகு பணம் கட்டுவேன்" என்று அவன் கூறியது எனக்குப் பிடித்திருந்தது.

அங்கே எங்களை வரவேற்ற முறையிற் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிர்ந்த நீர் கொடுத்தனர். தமக்கையாரின் கையைப் பற்றிப் படியேற்றினர். புல்வெளியில் ஒரு மயில் நின்றது. அதனைக் காட்ட விரைந்த பணியாளரிடம் என் பேர்த்தி, "எங்கள் ஊரே மயிலாடி" என்றாள். வெளிமுற்றத்திலிருந்து பார்த்தபோது நகரம் முழுவதும் கீழே விரிந்து கிடந்தது. தொலைவில், வெயிற்புகையின் நடுவே, கோபுரங்கள் விரலளவாகத் தெரிந்தன. தமக்கையார் கைகூப்பி வணங்கினார். பிறகு மகனைப் பார்த்து, "மக்களே, கோயில் மணி இங்கே கேட்குமா?" என்று வினவினார்.

"கேட்காது அம்மா. ஆனால் கார் இருக்கிறதே, நினைத்தால் அரை மணி நேரத்தில் போய்விடலாம்."

"நினைத்தால் என்று சொல்கிறாய். உன் நினைப்பா, என் நினைப்பா?"

அவனுக்கு முகம் வாடிற்று. தாயின் முழங்கால் வலியை எண்ணியே அவன் இவ்விடத்தைத் தேர்ந்தான் என்பதை யான் அறிவேன். மெத்தென்ற படுக்கை, வழுக்காத குளியலறை, ஏறி இறங்கும் மின்தூக்கி, வேண்டும்போது மருத்துவர் என்று அவன் ஒவ்வொன்றையும் முன்னரே கேட்டு வைத்திருந்தான். பெரிய விடுதியைச் செல்வர்க்குரியது என்பதனாலேயே பழிப்பவர் உளர். அஃது அறிவுடைமை ஆகாது. நோயாளர்க்கும், அமைதி நாடி வருவோர்க்கும், தொழில் நிமித்தம் வந்து களைத்தவர்க்கும் அத்தகைய இடம் தேவையே. பழைய கட்டடம் ஒன்று இடியாமல் நிற்பதும், பலருக்கு வேலை கிடைப்பதும் அதனால் விளையும் நன்மைகள். ஆனால் அக்குன்றின்மேல் இருப்பவர்க்கு மதுரை ஒரு காட்சி. தமக்கையார் மதுரையைக் காட்சியாகக் காண வந்தவர் அல்லர்.

மருமகனைத் தனியே அழைத்து, "கோயிலருகே ஓர் இடம் பார்ப்போம். அங்கே தூய்மை இல்லையாயின், முழங்காலுக்கு ஆகாதாயின், இங்கேயே திரும்பி வருவோம்" என்றேன். அவன் இசைந்தான். நான்கு காப்பிக்குரிய பணத்தைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினோம். அத்தொகை எவ்வளவு என்பதைத் தமக்கையாரிடம் இன்றுவரை கூறவில்லை.

பழைய மதுரையின் அமைப்பு வியப்புக்குரியது. கோயிலை நடுவாகக் கொண்டு சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள் எனத் தெருக்கள் ஒன்றையொன்று சூழ்ந்து செல்லும். அவற்றிற்கு அப்பால் உள்ளவை வெளி வீதிகள். கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து அவ்வீதிகளை உண்டாக்கியது பிளாக்பர்ன் என்னும் ஆட்சியர் காலத்தில். புகைவண்டி நிலையம் மேலவெளி வீதியில் இருக்கிறது. அங்கிருந்து மேலக்கோபுரம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். இடைப்பட்ட தெருக்களில் சிறு விடுதிகள் மிகப் பல. மக்கள் அவற்றை 'லாட்ஜ்' என்றே வழங்குவர்.

அவற்றுள் இரண்டைப் பார்த்துத் தள்ளினோம். ஒன்றில் மாடியேற வேண்டும். மற்றொன்றில் சன்னல் இல்லை. மூன்றாவதில் தரைத்தளத்திலேயே நான்கு கட்டில்கள் கொண்ட ஓர் அறை இருந்தது. தேர்வாளர் பொறுப்பைப் பேர்த்தி ஏற்றுக்கொண்டாள். குழாயைத் திறந்து நீர் வருகின்றதா என்று பார்த்தாள். தாழ்ப்பாளைப் போட்டு எடுத்தாள். விரிப்பைத் தூக்கி மெத்தையைக் கண்டாள். குளியலறைத் தரையைக் காலால் தேய்த்து வழுக்குமா என்று ஆராய்ந்தாள். சுவரின் வண்ணம் மங்கியிருந்தது, மின்விசிறி முனகிற்று. "தாத்தா, தேர்ச்சி; ஆனால் முதல் வகுப்பு இல்லை" என்றாள். பசுமலையில் ஓர் அறைக்கு ஆகும் தொகையில் இங்கே ஒரு வாரம் தங்கலாம்.

அவ்விடுதியில் முதிய பணியாளர் ஒருவர் இருந்தார். தமக்கையார் சுவரைப் பற்றிக்கொண்டு நடப்பதைக் கண்டவர் ஒன்றும் கேளாமற் சென்றார்; சிறிது நேரத்தில் ஒரு வாளி வெந்நீரோடு வந்தார். "அம்மா, காலுக்கு ஊற்றிக்கொள்ளுங்கள். விடியற்காலையிலே போனால் கூட்டம் குறைவு, நான் எழுப்பி விடுகிறேன்" என்றார். பேர்த்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். வண்டியில் வரும்போது மாதரியின் கதையை யான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

அன்றிரவு நடந்தே கோயிலுக்குச் சென்றோம். இருமுறை திண்ணையில் அமர்ந்து இளைப்பாற வேண்டியிருந்தது. அதனால் யாதும் குறையவில்லை. பூக்கட்டும் பெண்களோடு தமக்கையார் உரையாட நேரம் கிடைத்தது. நாள்தோறும் இரவில் நடைபெறும் பள்ளியறைப் பூசையைக் கண்டோம். சொக்கநாதரின் திருவடிகள் பல்லக்கில் எழுந்தருள, இசை முழங்க, அம்மையின் சந்நிதிக்குச் செல்லும் காட்சி அது. எல்லாம் முடிந்து வெளியே வந்தபோதும் தெருக்கள் விழித்திருந்தன. இரவுக் கடைகளை அல்லங்காடி என்று மதுரைக்காஞ்சி கூறும். மாங்குடி மருதனார் கண்ட அங்காடி எவ்வாறு இருந்ததோ, யாங்கள் கண்டதில் ஆவி பறக்கும் இட்டலியும் நான்கு வகைச் சட்டினியும் இருந்தன. தெருவோரத்து விசிப்பலகையில் அமர்ந்து உண்டோம். மருமகன் எட்டு இட்டலி உண்டான்.

அறைக்குத் திரும்பி விளக்கை அணைத்த பிறகு தமக்கையார் பேசத் தொடங்கினார்.

எங்கள் தந்தையார் கல்தச்சர். மீனாட்சியம்மன் கோயிலில் 1963-ஆம் ஆண்டு குடமுழுக்கு நடைபெறுவதற்கு முன்னர்த் திருப்பணி நிகழ்ந்த காலத்தில் கல்வேலைக்காக மதுரைக்கு வந்து சென்றவர். எனக்கு அஃது நினைவறியாப் பருவம், தமக்கையார் சிறுமி. "அப்பா இங்கே சத்திரத்துத் தாழ்வாரத்தில்தான் படுப்பார். உளிப்பையைத் தலைக்கு வைத்துக்கொள்வார். அதற்கு வாடகை கிடையாது. ஒருமுறை, என்னையும் கூட்டிப் போங்கள் அப்பா என்று அழுதேன். பகலிலே வந்து பகலிலே திரும்ப முடியாத தூரம் மக்களே, பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு படுக்க நமக்கு அங்கே இடம் இல்லையே என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை" என்றார்.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. பின்னர் மருமகன் தன் கட்டிலிலிருந்து எழுந்து விரிப்பை உருவித் தாயின் கட்டிலருகே தரையில் விரித்துப் படுத்துக்கொண்டான். அவன் பதினேழு ஆண்டுகளாக வெளிநாட்டில் இருப்பவன். சிறிது பொழுதில் பேர்த்தியும் தன் தலையணையோடு இறங்கித் தந்தையின் பக்கத்தில் இடம் பிடித்தாள்.

முதியவர் சொன்னபடியே விடியுமுன் கதவைத் தட்டினார். அதற்கு முன்னரே தமக்கையார் நீராடி, திருநீறு அணிந்து, சன்னலருகே அமர்ந்திருந்தார். மணியோசை கேட்டதும் எங்களைப் பார்த்துக் கையமர்த்தினார். அது முடியும் வரை யாவரும் அசையாது நின்றோம். கோயிலில் அவர் விழுந்து வணங்கியதையும், பொற்றாமரைக் குளத்தின் படியில் நெடுநேரம் அமர்ந்திருந்ததையும், ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு சிற்பத்தின் விரல் நகத்தைத் தடவி, "இதைச் செதுக்கினவனுக்குக் கை நடுங்கவே இல்லை" என்று கூறியதையும் விரித்தால் பெருகும்.

புறப்படும்போது மருமகன் பணப்பையை எடுத்தான். தமக்கையார் அவன் கையைத் தடுத்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து மடித்து வைத்திருந்த தாள்களை மேசைமேல் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். முதியோர்க்கு அரசு தரும் ஓய்வூதியத்தில் அவர் சேர்த்து வைத்த பணம் அது.

"அம்மா, என்ன இது? நான் கொடுக்கிறேன்."

"நீ அடுத்த முறை கொடு மக்களே. மதுரையிலே எனக்கு ஓர் இடம். அதற்கு நான்தான் கொடுக்க வேண்டும்" என்றார். எழுத்தர் கொடுத்த பற்றுச்சீட்டைப் பேர்த்தியிடம் நீட்டி, அதில் தம் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று படிக்கச் சொன்னார்.